செத்த மதன் பாடுவானா?

பொன்னையா அன்றைக்கு மீசைக்கு மை பூசினார். கோயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை, வெறும் ஞாயிற்றுக்கிழமை. ஆனால் ஹட்டனில் ஒரு படம் போடுகிறார்கள், அந்தப் படத்தில் அவர் வருகிறார். அவரே வரவில்லை, அவர் வேடத்தில் யாரோ ஒரு நடிகர் வருகிறார். அந்த நடிகர் யாரென்று பொன்னையாவுக்குத் தெரியாது. ஆள் நல்ல உயரம், சிவப்பு, பெரிய மீசை என்று அவராகவே தீர்மானித்து, தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் சொல்லியும் வைத்துவிட்டார்.

படம் பழனியாண்டியைப் பற்றியது. பழனியாண்டியைத் தெரியாத ஒருவர் மலையகத்தில் இருந்தால் அவருக்குக் காதில் கோளாறு. நோர்வூட்டுக்கு மேலே, பொன்னையாவின் அதே தோட்டத்தில், தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டே தெம்மாங்கு பாடிப் பேரெடுத்த மனுசன். ரேடியோவில் பாட்டுப் போனது, கசட் வந்தது. லிந்துலையிலிருந்து உடப்புசல்லாவை வரைக்கும் எந்தத் திருவிழாவிலும் பழனியாண்டி பாடாவிட்டால் சாமி புறப்படாது என்றார்கள். சாமி புறப்பட்டுத்தான் இருக்கும், ஆனால் பேச்சு அப்படி. அவர் செத்துச் சில வருசம் கழித்து, கொழும்பிலிருந்து மதுரன் என்ற இளம் டைரக்டர் வந்தான். ஐயாவின் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி எடுக்கப் போகிறேன் என்று சொல்லி, தோட்டத்தில் பாதிப் பேரைக் கமெராவுக்கு முன்னால் உட்கார வைத்துப் பேச வைத்தான்.

அதிக நேரம் பேசியவர் பொன்னையாதான். பேசவும் உரிமை இருந்தது. மாசி மாதம் காமன்கூத்து வந்தால் பழனியாண்டி மதன், பொன்னையா ரதி. இந்தக் கூத்தில் பெண்கள் ஆடுவதில்லை, ரதியும் ஆண்பிள்ளைதான். காப்புக் கட்டி, விரதமிருந்து, சேலை உடுத்தி, ஊர் முன்னால் மதன் கையால் தாலியும் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் இரண்டு பேரும் வீட்டுப் பக்கம் போவதில்லை, கறி மீன் தொடுவதில்லை, கூத்துப் பொட்டலிலேதான் சாப்பாடும் படுக்கையும். கடைசியில் சிவன் மதனை எரித்துவிடுவார். எரிந்த மதன் வெள்ளைத் துணிக்குள் பிணமாகக் கிடக்க, ரதி தாலியறுத்துப் புலம்புவாள். மூன்றாம் நாள் மதன் எழுந்திருப்பான். அடுத்த மாசியில் மறுபடி கல்யாணம், மறுபடி சாவு. இப்படி பழனியாண்டி பொன்னையாவுக்கு எத்தனை தாலி கட்டினாரென்று இரண்டு பேருக்குமே கணக்கில்லை.

இதில் கமெராவுக்கு முன்னால் சொன்னது எவ்வளவு? "நானும் அவனும் ஜோடி. என் குரல் இல்லாம அவன் மேடை ஏற மாட்டான். அவன் சாப்புடாம நான் சாப்புட மாட்டேன்." அவ்வளவுதான். சேலையைப் பற்றி மூச்சு விடவில்லை. எதிரில் கமெரா, வாசலில் மருமகள், மூக்குக்குக் கீழே மீசை, மனுசன் எப்படிச் சொல்வார்? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். பொன்னையா வாயை மூடிக் கெட்டார்.

ஹட்டனுக்குப் போக டைரக்டர் வேன் அனுப்பியிருந்தான். பொன்னையா வந்து பார்த்தால் முன் ஸீட்டில் அழகம்மா, பழனியாண்டியின் மனைவி. மடியில் ஒரு சாமந்தி மாலை, முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு.

"அழகம்மா, கொஞ்சம் தள்ளி உக்காரு. நானும் முன்னுக்கே வாறேன்."

"முன் ஸீட்டு பொண்டாட்டிக்குண்ணே. மூத்தவளா இருந்தாலும் பின்னுக்குத்தான்."

வேன் முழுக்கச் சிரித்தது. அழகம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை மூத்தவள் என்றுதான் கூப்பிடுகிறாள். தனக்கு முந்தித் தாலி வாங்கியவர் அல்லவா? முதலில் அது வெறும் கேலியாகத்தான் இருந்தது. ஆனால் புதுப்பெண்ணாக வந்தவள், புருசன் ரதியோடு பொட்டலில் கிடக்க, ஒவ்வொரு மாசியும் லயத்தில் தனியாகப் படுத்தாள். கேலிக்குள்ளே ஒரு முள் முளைத்தது. பழனியாண்டி உண்மையாகவே செத்த அன்றைக்கு, பொன்னையா தலைமாட்டில் நின்று ரதி புலம்பலை எடுத்தார். ஒரு வரி முடியவில்லை, அழகம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "கூத்து முடிஞ்சிருச்சுண்ணே. இது என் வீட்டுச் சாவு. அழுகிறதுக்கு நான் இருக்கேன்." சொன்னாளே தவிர, சபையில் அவள் அழவுமில்லை. மரம் மாதிரி நின்றாள். பொன்னையா அன்றைக்கு மூடிய வாயை அந்தப் பாட்டுக்காக அப்புறம் திறக்கவே இல்லை.

அதுதான் பழனியாண்டியின் பேரில் மிகவும் பிரபலமான பாட்டு என்பது வேடிக்கை. நோர்வூட்டில் கசட் கடை வைத்திருந்த முனாப் நானா, கடையின் பின்னறையில் மெத்தையைச் சுவரோடு கட்டித் தொங்கவிட்டு அதைப் பதிவு செய்தார். உறையில் பழனியாண்டியின் படம், பழனியாண்டியின் பேர். அந்தப் புலம்பலைக் கேட்டவர்கள் எல்லாரும், எவளோ ஒரு புண்ணியவதி பாடியிருக்கிறாள் என்று உருகினார்கள். பாடிய புண்ணியவதி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார்.

முனாப் நானாவும் இன்றைக்கு வேனில் வந்தார், பின் ஸீட்டில் பொன்னையாவுக்குப் பக்கத்தில்.

"இன்னைக்காவது பேரு வரும் நானா," என்றார் பொன்னையா. "கடைசில எழுத்து ஓடும்ல. அதுல பொன்னையான்னு ஒரு வரி. அது போதும் எனக்கு."

"நான் அந்தக் காலத்துலயே பேரப் போடுறேன்னு சொன்னேன் தானே. நீங்க தான் வாணாம்னீங்க."

அது உண்மைதான். அப்போது பொன்னையாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பொம்பளைக் குரலில் ஒப்பாரி வைக்கிறவர் என்று உறையில் அச்சடித்துக் கொடுத்தால் எவன் பெண் கொடுப்பான்? இப்போது அந்தக் கவலை இல்லை. வயசாகிவிட்டது, மகன் பிள்ளை பெற்றுவிட்டான். ஆனாலும் பேர் வேண்டும், சேலை தெரியக்கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது பொன்னையாவைப் பார்த்துச் சொன்னதுதான் போலிருக்கிறது.

மண்டபம் நிறைந்திருந்தது. படம் தொடங்கியது. படத்துப் பழனியாண்டிக்குத் தொப்பை இல்லை, பல் எல்லாம் இருந்தது. கொழுந்து எடுக்கும் பெண்கள் சரிகைச் சேலையில் வந்தார்கள். அட்டையைக் கண்டாலே அலறுகிற பழனியாண்டி, திரையில் ஒரு சிறுத்தையோடு கட்டிப் புரண்டார். பிறகு அதைப் பார்த்துப் பாடினார். சிறுத்தை ஓடிவிட்டது.

"அதுக்குப் பாட்டுப் புடிக்கல போல," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

பொன்னையா எதற்கும் சிரிக்கவில்லை. அவர் தன்னைத் தேடிக்கொண்டிருந்தார். சேற்றில் வழுக்கி விழுகிற குண்டன் ஒருவன் வந்தான். ஐயோ, இவனா என்று நெஞ்சு பதறியது. நல்ல வேளை, அவன் கள்ளச் சாராயக்காரன். பிறகு உயரமாக, சிவப்பாக, பெரிய மீசையோடு ஒருவன் வந்தான். பொன்னையா முனாப் நானாவின் விலாவில் இடித்தார். மீசைக்காரன் நேரே போய் ஒரு கிழவனை அறைந்தான். அவன் கணக்கப்பிள்ளை. பொன்னையா இடித்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவள் வந்தாள். தேயிலை மலை உச்சியில், காற்றில் முந்தானை பறக்க, பேர் ரதி. பழனியாண்டி ஒரு வரி பாட, அவள் மறுவரி பாடினாள். கோயில் மரத்தடியில் யாருக்கும் தெரியாமல் அவர் அவளுக்கு மஞ்சள் கயிறு கட்டினார். அவள் அவர் தோளில் சாய்ந்து சொன்னாள்: "என் குரல் இல்லாம நீ மேடை ஏறக்கூடாது. நீ சாப்புடாம நான் சாப்புட மாட்டேன்."

பொன்னையா நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவர் வாயால் சொன்ன வசனம். கூட்டத்துக்கும் விசயம் விளங்கத் தொடங்கியது. தோட்டத்து ஆட்களுக்கு ரதி யாரென்று சொல்லியா தெரியவேண்டும்? ஒரு வரிசையில் கிளம்பிய சிரிப்பு அடுத்த வரிசைக்குத் தாவியது.

"பொன்னையாண்ணே, எளமைல இம்புட்டு அழகாவா இருந்தீங்க?"

முனாப் நானா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். கேட்டதற்கு இருமல் என்றார்.

அழகம்மாவுக்கும் கிடைத்தது. படத்து அழகம்மா பெரிய பொட்டு வைத்து, கண்ணை உருட்டி, புருசன் அடிக்கிற தப்புப் பறையை அடுப்பில் போட்டு எரித்தாள். ரதியைத் தேடிப் போய்த் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். ரதி அழுதுகொண்டே ஓடி, அருவியில் விழுந்து செத்துப் போனாள். தோட்டமே பொன்னையாவுக்காக உச்சுக்கொட்டியது. விளக்கு எரிந்தது. இடைவேளை.

வெளியே கோப்பியும் ரோல்ஸும் கொடுத்தார்கள். பொன்னையா மதுரனைப் பிடித்தார்.

"தம்பி, நான் எங்க?"

"ஐயா?"

"படத்துல நான் எங்கங்கிறேன்."

மதுரன் நெளிந்தான். "நீளம் கூடிருச்சு ஐயா. நண்பர் பாத்திரத்த வெட்ட வேண்டியதாப் போச்சு. ஆனா நீங்க சொன்னதெல்லாம் வீண் போகல. ரதிக்குக் குடுத்துட்டேன்."

"ரதின்னு ஒரு பொம்பள இருந்தான்னு யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"அழகம்மா அம்மாதான். கண் கலங்கிச் சொன்னாங்க. எனக்கு முந்தியே அவளுக்குத் தாலி கட்டிட்டாரு, மாசி வந்தா அவகூடவே கெடப்பாரு, என் பக்கம் திரும்பவும் மாட்டாருன்னு. அவங்க இப்ப எங்கன்னு கேட்டேன். செத்துட்டான்னாங்க."

மதுரன் கொழும்பில் வளர்ந்தவன். காமன்கூத்தை யாரோ எடுத்த சின்ன வீடியோவில் பார்த்ததோடு சரி. ரதி வேடம் போடுகிறவர் யார் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை, சொல்ல வேண்டியவரோ மீசையை நீவிக்கொண்டு இருந்துவிட்டார். அது நான்தான் என்ற சொல் இப்போது பொன்னையாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து, ரதியாக நடித்த பெண் கையில் ரோல்ஸோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஐயா, நீங்க நேர்ல ரதியப் பாத்திருக்கீங்களாமே. எப்பிடி இருப்பாங்க?"

பொன்னையா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தான் இருப்பா," என்றார். மற்றச் சொல் திரும்பி உள்ளே போய்விட்டது.

அழகம்மா தூணடியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். நேரே அவளிடம் போனார்.

"என்னைய ஏன் கொன்ன?"

"நான் எங்கண்ணே கொன்னேன்? அருவில தள்ளுனது அந்தத் தம்பி. நான் சும்மா செத்துட்டான்னுதான் சொன்னேன்." கோப்பியை உறிஞ்சினாள். "என்னைய மட்டும் என்னா செஞ்சிருக்கான்? பேயி மாதிரி கண்ண உருட்டுறா. தப்ப நான் எரிக்கவே இல்ல. ஒருக்கா ஒளிச்சு வச்சேன், அம்புட்டுதான்."

படம் மறுபடி தொடங்கியது. காதலியைப் பறிகொடுத்த படத்துப் பழனியாண்டி காமன்கூத்தில் மதனாக ஆடினார். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். நிறைய நெருப்பு. மதன் எரிந்து விழுந்தான், வெள்ளைத் துணி போர்த்தினார்கள். எல்லாம் சரியாகத்தான் போனது. திடீரென்று பிணம் துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்து, செத்துப்போன ரதிக்காக அந்தப் புலம்பலைப் பாடத் தொடங்கியது.

மண்டபத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒரு ஆள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்: "செத்த மதன் பாடுவானாடா?"

அதோடு தாங்கவில்லை. கூத்து நடக்கும்போது காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் லாவணி பாடி மல்லுக்கட்டுவது வழக்கம். இப்போது மண்டபமே இரண்டு கட்சியாகிவிட்டது. சினிமான்னா அப்பிடித்தான் என்று ஒரு பக்கம், மூணு நாளைக்குப் பொணம் வாயத் தொறக்கலாமா என்று மறு பக்கம். திரையில் நாயகன் அழ அழ, கீழே சிரிப்பு கூடியது.

பொன்னையா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வலித்தது. சேலையில் காட்டினதுகூடப் பரவாயில்லை, அருவியில் தள்ளினதுகூடப் பரவாயில்லை. அந்தப் பாட்டு அவருடைய பாட்டு. துணிக்குள்ளே பிணமாகக் கிடந்த பழனியாண்டி, அவர் பாடுவதைக் கேட்டு வருசா வருசம் சத்தமில்லாமல் அழுவார், துணி நனைந்திருக்கும். அது வேறு எவனோ ஒருவனின் தொண்டையிலிருந்து வருவதை அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

கடைசியில் எழுத்து ஓடியது. அவர் ஒன்று விடாமல் வாசித்தார். சமைத்தவர் பேர் வந்தது. சிறுத்தையைப் பழக்கியவர் பேர் வந்தது. பொன்னையா இல்லை.

விளக்கைப் போட்டு, அழகம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தினார்கள். தொகுத்து வழங்கிய பெண் மைக்கை நீட்டினாள். "அம்மா, நீங்க ஐயாகூட வாழ்ந்தவங்க. சொல்லுங்க, இந்தப் படம் எவ்வளவு உண்மை?"

மதுரனின் முகத்தில் ஈயாடவில்லை. அழகம்மா சாவகாசமாக மைக்கை வாங்கினாள்.

"எல்லாம் உண்மதான்," என்றாள். "நான் கோவக்காரி, அது உண்ம. அவருக்கு ரதின்னா உசுரு, அது உண்ம. எனக்கு முந்தி அவளுக்குத் தாலி கட்டுனாரு, ஊரே பாத்துச்சு." கூட்டம் சிரித்து அடங்கும்வரை இருந்தாள். அவள் கண் பொன்னையாவைத் தேடிப் பிடித்தது. "ரதி செத்துட்டான்னு நான்தான் சொன்னேன். அது மட்டும் எனக்குச் சரியாத் தெரியாது. இவரு செத்த நாள்லருந்து அவ குரலக் கேக்கல. அதான் செத்திருப்பான்னு நெனச்சேன்."

எல்லாத் தலையும் பொன்னையா பக்கம் திரும்பியது. நிறுத்தச் சொன்னவளே இப்போது பாடச் சொல்கிறாளா, இல்லை இதுவும் கேலியா? பேசாமல் இருந்தால் மீசை தப்பும். ஆனால் இன்றைக்குப் பேசாமல் இருந்தால் அந்த அருவியிலிருந்து அவரை எவனும் தூக்க மாட்டான்.

"போங்க," என்றார் முனாப் நானா. "இப்ப ஒங்களுக்கு யாரும் பொண்ணு பாக்கல தானே."

பொன்னையா மேடை ஏறினார். மைக்கை வாங்கவில்லை. அழகம்மாவின் தோளிலிருந்த பொன்னாடையை உருவித் தன் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார். மை பூசிய மீசை, அதற்கு மேலே முக்காடு. கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு குரலை எடுத்தார்.

"தேயிலைக்குப் பெய்த மழை தீயணைக்கப் பெய்யலியே,
மஞ்சக்கயிறு ஈரத்தோட மாலை வாங்கிப் போனவரே..."

கசட்டில் கேட்ட அதே பெண்குரல். கொஞ்சம் கரகரத்தது, அவ்வளவுதான். சிரிப்பு நின்றது. முன்வரிசையில் ஒருவர் ஸீட்டின் முதுகில் தப்படியைத் தட்டத் தொடங்கினார், பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நடிகை எழுந்து நின்றாள். மதுரன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். இவ்வளவு நாளும் தான் தேடிய ரதி தன் கமெராவுக்கு முன்னாலேயே உட்கார்ந்து மீசையை நீவியது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

பாட்டு முடிந்தபோது அழகம்மா அழுதுகொண்டிருந்தாள். சாவு வீட்டில் அழாததெல்லாம் இப்போது வந்தது. கையில் மைக் இருப்பதையே மறந்து, பக்கத்தில் நின்ற பொன்னையாவிடம் சொன்னாள்.

"ஒனக்கு வருசா வருசம் செத்து, மூணாம் நாள் எந்திரிச்சு வந்தாரு. எனக்கு ஒரே தடவ செத்தாரு. எந்திரிக்கவே இல்ல."

மண்டபம் முழுக்க அது கேட்டது. பொன்னையா முக்காட்டை எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டார். அந்தப் பொட்டலில் கட்டிய தாலியெல்லாம் தனக்கு விளையாட்டாக இருந்தபோது இவளுக்கு என்னவாக இருந்தது என்று, இத்தனை வருசத்தில் அவர் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

வேன் கிளம்பும்போது முன் ஸீட்டில் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாமந்தி மாலை நடுவில் நசுங்கியது. மதுரன் ஜன்னலுக்கு ஓடி வந்தான்.

"ஐயா, கொழும்புல போடுறதுக்கு முந்தி ஒங்க பேரச் சேத்துருவேன். எப்பிடிப் போடணும்? பின்பாட்டுன்னு போடவா, நண்பர்னு போடவா?"

பொன்னையா மீசையை ஒரு தரம் தடவினார். மை விரலில் ஒட்டியது. "ரதி, பொன்னையா," என்றார். "அப்பிடியே போடுங்க."

வேன் நகர்ந்தது. அழகம்மா தலையை வெளியே நீட்டினாள்.

"தம்பி, பக்கத்துல, இன்னும் சாகலன்னும் போட்டுருங்க."